கரிக் கணக்கும் குடியானவர் பிள்ளைகளும்

வரவு செலவுக் கணக்கு எழுதாத குடித்தனம் நாளாவட்டத்தில் கடனில் போய் முடியும் என்பது விவசாயிகள் யாவரும் அறிந்த விஷயம். விதை, எரு, உழவு, நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஒவ்வொரு இனத்துக்கும் செலவு எழுதி, களத்தில் அளந்த நெல்லை வரவில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் போகம் லாபமா, நஷ்டமா என்பது விளங்கும். ஆயினும், கிரமமாகக் கணக்கு எழுதும் குடும்பங்களிலுங்கூட ஏடேறாமல் நிற்கும் செலவினம் ஒன்று உண்டு. அடுப்பிலும், என்ஜினிலும், மின்சாரம் உற்பத்தியாகும் நிலையங்களிலும், தண்ணீர் கட்டிய நெல் வயலின் சேற்றிலும் உண்டாகிக் காற்றில் கலக்கும் வாயுக்களின் கணக்கே அது.

இந்த விஷயத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இப்பொழுது பாடமாகப் படிக்கிறார்கள். ஒவ்வொரு மனிதனும், ஒவ்வொரு குடும்பமும் காற்றில் விடும் இத்தகைய வாயுக்களின் மொத்த அளவுக்குக் 'கார்பன் தடம்' என்று பெயர். கரிச் சுவடு என்று சொன்னாலும் பொருந்தும். ஆனால் புஸ்தகத்தில் படித்ததை வீட்டோடும் வயலோடும் பொருத்திக் காட்டுவார் இல்லாவிட்டால், அது பரீட்சையில் எழுதி மறந்துபோகும் வார்த்தையாகவே நின்றுவிடும். நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இதைக் கற்பிக்க வயலைக் காட்டிலும் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. அதைக் கற்பிக்கும் முறையையும், கற்பிப்பதால் நிலத்துக்கே உண்டாகும் நன்மையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்துக்கு நேரும் நஷ்டம்

பூமியைச் சுற்றியுள்ள காற்றில் கரியமில வாயு மிகச் சொற்ப அளவிலேயே இருக்கிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் பெருவாரியாக எரிக்கத் தொடங்குவதற்கு முன், காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு இந்த வாயு இருந்தது. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌன லோவா மலைமீது சார்லஸ் கீலிங் என்பவர் அளக்கத் தொடங்கிய காலத்தில் அது சுமார் 315 பங்காக இருந்தது. 2024-ல் 420 பங்குக்கும் மேற்பட்டுவிட்டது. அளவில் சொற்பமானாலும், குளிர் காலத்தில் போர்த்திய கம்பளி உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காப்பதுபோல், இது பூமியின் உஷ்ணத்தை ஆகாயத்துக்குச் செல்லவிடாமல் பிடித்துவைக்கிறது. கரியமில வாயு பெருகினால் பூமியின் உஷ்ணம் கூடும் என்பதை ஸ்வீடன் தேசத்து நிபுணர் ஸ்வாந்தே அரேனியஸ் 1896-லேயே கணக்கிட்டுக் காட்டினார்.

இதனால் நெல் விளைவிப்பவனுக்கு நேருவது என்ன என்று கேட்கலாம். 1901 முதல் 2018 வரையில் இந்தியாவின் சராசரி உஷ்ணம் ஏறக்குறைய 0.7 டிகிரி செல்ஷியஸ் உயர்ந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரை கிடைத்த மகசூலை ஆராய்ந்து 2004-ல் வெளியான முடிவின்படி, கோடைப் பட்டத்தில் இரவு நேர உஷ்ணம் 1 டிகிரி உயர்ந்தபோது மகசூல் 10 சதவிகிதம் குறைந்தது. பகலில் பயிர் தேடிய சத்தை இரவு வெப்பத்தில் அது தானே செலவழித்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மழையின் போக்கும் கவனிக்கத்தக்கது. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்து, சம்பாப் பயிர் பல இடங்களில் கதிர் விடாமலே கருகியதைக் காவிரிக் கடைமடை விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு வருஷத்து வறட்சியையோ வெள்ளத்தையோ மாத்திரம் வைத்து இதுதான் காரணம் என்று முடிவு கட்டுதல் சரியன்று. எனினும், உஷ்ணம் கூடக்கூட மழை சமமாகப் பெய்யாமல், ஒரு சமயம் வாரிக் கொட்டியும் ஒரு சமயம் பொய்த்தும் போகும் என்பது நிபுணர்களின் முடிவு. இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளை நாளை அதே நிலத்தைப் பட்டாவில் பெறப்போகிறவன். ஆகையால் இந்தக் கணக்கு அவனுடைய சொத்தைப் பற்றிய கணக்கே ஆகும்.

மரம் எதனால் ஆனது?

கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாதது. தெரியாத பொருளுக்கு எடை உண்டு என்பதைப் பிள்ளைகள் நம்பும்படி செய்வதே முதல் பாடம். இதற்கு ஒரு பழைய பரிசோதனையைக் கதையாகச் சொல்லலாம். பெல்ஜியம் தேசத்தவரான வான் ஹெல்மாண்ட் என்பவர், நன்றாய் உலர்த்தி நிறுத்த 200 ராத்தல் மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள ஓர் அலரி வகைச் செடியை நட்டு, தண்ணீர் மாத்திரம் ஊற்றி 5 வருஷம் வளர்த்தார். முடிவில் மரம் 169 ராத்தல் இருந்தது. மண்ணிலோ சுமார் 2 அவுன்ஸே குறைந்திருந்தது. அவர் இறந்தபின் 1648-ல் இந்த விவரம் அச்சாயிற்று. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் எண்ணினார். வெளிச்சத்தில் இலைகள் காற்றைச் சுத்தி செய்வதை 1779-ல் இங்கன்ஹவுஸும், செடியின் எடை கரியமில வாயுவிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருவதை 1804-ல் டி ஸோஸுரும் பின்னர் விளக்கினார்கள்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் உள்ள வேம்பையோ பூவரசையோ காட்டி, "இந்த மரம் எங்கிருந்து வந்தது?" என்று பிள்ளையைக் கேட்கவேண்டும். பெரும்பாலும் "மண்ணிலிருந்து" என்றே பதில் வரும். மண் குழியாகவில்லையே என்று சுட்டிக் காட்டினால், காற்றே மரமாயிற்று என்பது அதன் மனத்தில் படும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே. விறகு எரியும்போது அந்தக் கரி மறுபடியும் காற்றோடு சேர்கிறது. 12 பங்கு கரி, 32 பங்கு பிராணவாயுவுடன் சேர்ந்து 44 பங்கு கரியமில வாயுவாகிறது. ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுள்ளதாயினும், எரிந்தபின் 2.7 கிலோ கரியமில வாயுவைக் கொடுப்பதன் மர்மம் இதுதான்.

விறகுக்கும் டீசலுக்கும் உள்ள வேற்றுமையையும் இவ்விடத்தில் சொல்லிவிடுவது நலம். விறகின் கரி, சில வருஷங்களுக்கு முன் மரம் காற்றிலிருந்து வாங்கிய கைமாற்று. வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறொன்று வளர்ந்தால் கடன் தீர்ந்துவிடும். டீசலின் கரியும் நிலக்கரியின் கரியும் கோடிக்கணக்கான வருஷங்களாகப் பூமிக்குள் புதைந்து கிடந்தவை. அவை காற்றில் ஏறினால் திரும்ப வாங்கிக்கொள்ளுவார் இல்லை.

சேற்றில் எழும் குமிழி

இரண்டாவது பாடத்துக்குத் தண்ணீர் கட்டிய வயலுக்கே செல்லவேண்டும். சில வாரங்களாகத் தண்ணீர் வற்றாமல் நிற்கும் வயலில் வரப்போரமாகக் காலை வைத்து மெல்ல அழுத்தினால், சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பும். 1776-ல் இத்தாலி தேசத்தில் மஜ்ஜோரே ஏரிக் கரையில் அலெஸாண்ட்ரோ வோல்டா இத்தகைய குமிழிகளைப் பாத்திரத்தில் பிடித்து, அவை எரியும் தன்மையுள்ளவை என்று கண்டறிந்தார். சாண வாயு அடுப்பில் எரியும் மீதேன் என்ற வாயுவே இது. பிள்ளைகள் குமிழியைப் பார்த்தால் போதும். நெருப்பிட்டுப் பார்க்க அவர்களை விடலாகாது.

தண்ணீர் மூடிய சேற்றுக்குள் பிராணவாயு செல்லுவதில்லை. அந்நிலையில் அங்கே உள்ள தூர், தழை முதலியவற்றைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகளே குழாய் போல நின்று அந்த வாயுவைப் பெரும்பகுதி வெளியே அனுப்பிவிடுகின்றன. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், நூறு வருஷ காலத்தில் மீதேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்துவைக்கிறது. ஆகையால் சொற்ப மீதேனும் கணக்கில் பெரிய தொகையாக ஏறும்.

பிள்ளை எழுதும் அடங்கல்

கிராமத்தில் எந்தப் புலத்தில் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், எந்தப் பாசனம் என்பதற்கு அடங்கல் இருப்பதுபோல், குடும்பத்தின் கரிச் சுவடுக்கும் ஓர் அடங்கல் எழுதலாம். ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் கோடு போட்டு இதை எளிதில் எழுதிவிடும். அதற்கு வேண்டிய வாய்ப்பாடு பின்வருமாறு:

டீசல் 1 லிட்டருக்கு 2.7 கிலோ.
பெட்ரோல் 1 லிட்டருக்கு 2.3 கிலோ.
மின்சாரம் 1 யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து உண்டாவதே இதற்குக் காரணம்.
14.2 கிலோ சமையல் வாயு உருளை ஒன்றுக்குச் சுமார் 42 கிலோ.
45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு, வயலில் கரையும்போது வெளியாவது மாத்திரம் 33 கிலோ. இதைத் தவிர நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவும் சிறிதளவு உண்டாகும். அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வலியது.
90 நாள் தண்ணீர் வற்றாமல் கட்டிய நெல் வயல், ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய 30 கிலோ மீதேன். கரியமில வாயுவாக மாற்றினால் சுமார் 800 கிலோ. இது தெற்காசிய நாடுகளுக்குச் சர்வதேசக் காலநிலை நிபுணர் குழு வகுத்த சராசரியை ஒட்டியது. மண்ணையும் எருவையும் பொறுத்துக் கூடும், குறையும்.

மோட்டார் விஷயத்தில் ஒரு சங்கதியைக் கவனிக்கவேண்டும். தமிழ்நாட்டில் பாசன மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதால், அதற்குப் பில் வருவதில்லை. பில் இல்லாத செலவு தகப்பனார் கண்ணிலும் படாது, பிள்ளையின் கண்ணிலும் படாது. ஆகவே மோட்டார் ஓடிய மணி நேரத்தையே குறித்துவைக்கவேண்டும். 5 குதிரைச் சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட் செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எது பெரிது, எது சிறிது

உதாரணமாக, சொந்தக் கிணற்றுப் பாசனத்தில் 2 ஏக்கர் குறுவை நெல் பயிரிடும் ஒரு குடும்பத்தின் நான்கு மாதக் கணக்கைப் பார்ப்போம். மோட்டார் 300 மணி நேரம் ஓடியது. அதற்கு 1,200 யூனிட், அதாவது 840 கிலோ. உழவுக்கு டீசல் 40 லிட்டர், 108 கிலோ. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் 60 லிட்டர், 138 கிலோ. சமையல் வாயு 4 உருளை, 168 கிலோ. யூரியா 5 மூட்டை, 165 கிலோ. வீட்டு மின்சாரம் 400 யூனிட், 280 கிலோ. வயலில் தண்ணீர் வற்றாமல் நின்றதனால் 1,600 கிலோ. ஆக மொத்தம் ஏறக்குறைய 3,300 கிலோ.

இத்தொகைகளைப் பிள்ளை தன் கையால் கூட்டிப் பார்க்கும்போது ஓர் உண்மை தானே விளங்கும். வயலில் நின்ற தண்ணீரும், அதை இறைத்த மின்சாரமும் சேர்ந்து 2,440 கிலோ. நாலில் மூன்று பங்கு தண்ணீரோடு சேர்ந்த கணக்கே ஆகும்.

'அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைக்கவேண்டும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நல்ல பழக்கமே. ஆயினும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை வருஷம் முழுதும் நாள்தோறும் 5 மணி நேரம் அணைத்துவைத்தால் மிச்சமாவது சுமார் 11.5 கிலோ. மேற்சொன்ன 2 ஏக்கரில் தண்ணீர் கட்டும் முறையை ஒரு போகம் மாற்றினால் மிச்சமாவது 900 கிலோவுக்கு மேல். அதற்கு ஈடாக ஒரு விளக்கை ஏறக்குறைய 80 வருஷம் அணைத்து வைக்கவேண்டும். பெரியதையும் சிறியதையும் அளந்து பிரித்தறியும் பழக்கமே இந்தக் கல்வியின் சாரம். அது வராத பிள்ளை சிறியவற்றைச் செய்துவிட்டுத் திருப்தியடைந்துவிடும். மேலும், பெரிய இனங்கள் எல்லாம் பெரியவர்களின் கையில் இருக்கின்றன, பிள்ளையின் கையில் அல்ல என்பதும் இதனால் வெளியாகும். அளப்பது பிள்ளையின் வேலை, மாற்றுவது தகப்பனாரின் வேலை.

காய்ச்சலும் பாய்ச்சலும்

தண்ணீரை எப்பொழுதும் கட்டிவைக்காமல், வயல் சற்றுக் காய்ந்தபின் பாய்ச்சும் முறை 'காய்ச்சலும் பாய்ச்சலும்' எனப்படும். திருந்திய நெல் சாகுபடியில் இது முக்கியமான அங்கம். இம்முறையில் மீதேன் ஏறக்குறையப் பாதியளவு குறைகிறது. இறைப்பு நீரிலும் நாலில் ஒரு பங்குவரை மிச்சப்படும். சரியாகக் கவனித்துச் செய்தால் மகசூல் குறைவதில்லை.

இதற்கு வேண்டிய கருவி 40 சென்டிமீட்டர் நீளமும், 15 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அதன் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இறங்கும்படி வரப்போரத்தில் சமமான இடத்தில் ஊன்றி, உள்ளேயுள்ள சேற்றை அள்ளிவிடவேண்டும். குழாய்க்குள் தெரியும் தண்ணீர் மட்டமே வயலின் நிலத்தடி மட்டம். பிள்ளை காலையில் ஓர் அளவுகோலை விட்டு, குழாயின் வாயிலிருந்து தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். 20 என்றால் தண்ணீர் மண் மட்டத்தில் இருக்கிறது. 35 என்றால் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. அன்று 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் பாய்ச்சவேண்டும்.

நட்ட முதல் இரண்டு வாரங்களுக்குக் களையை அடக்கும்பொருட்டுத் தண்ணீர் குறையாமல் வைத்திருந்து, அதன்பின் இம்முறையைத் தொடங்குவது நலம். பூக்கும் தருணத்தில், அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும், வயலைக் காயவிடக்கூடாது. உவர் நிலங்களுக்கு இம்முறை ஏற்றதன்று. முறைப்பாசனத்தை நம்பியுள்ள கடைமடை நிலங்களில், அடுத்த முறை எப்பொழுது வரும் என்ற நிச்சயம் இல்லாதபோது இதை வற்புறுத்துவது தவறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிற்கும் சம்பா வயலில் தண்ணீர் வடியாத காலத்திலும் இது சாத்தியமாகாது. கிணற்றுப் பாசனமுள்ள குறுவை, கோடை வயல்களே இதற்கு மிகவும் தகுந்தவை. வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு சற்று அதிகமாக உண்டாவது மெய். ஆயினும் யூரியாவை அளவோடு பிரித்து இட்டால், மீதேன் குறைவதால் வரும் லாபத்தை அது விழுங்கிவிடாது.

யூரியாவை அளவோடு இடுவதற்கும் பிள்ளையின் உதவியைப் பெறலாம். நட்ட 14-ம் நாள் முதல் பூக்கும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், பத்துப் பயிர்களில் முழுதும் விரிந்த மேல் இலையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வெயில் இலைமீது படாமல் தன் நிழலில் வைத்துப் பார்ப்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே பிள்ளை பார்ப்பதும் அவசியம். வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் எண்ணுக்கும், மற்ற ரகங்களுக்கு 4-ம் எண்ணுக்கும் கீழே பெரும்பான்மையான இலைகள் வெளிறியிருந்தால் மாத்திரம் மேலுரம் இட்டால் போதும்.

வைக்கோலும் சாணமும்

அறுவடை இயந்திரம் வந்தபின் வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலைச் சிலர் கொளுத்திவிடுகிறார்கள். அதன் கரி அந்தப் பருவத்தில் காற்றிலிருந்து எடுத்த கரியே என்றாலும், புகையும் கரித்தூளும் ஊரார் மூச்சைக் கெடுக்கும். தவிர, ஒரு டன் வைக்கோலில் உள்ள 5 முதல் 8 கிலோ தழைச்சத்து அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். போன சத்தை ஈடுசெய்ய மறுபடியும் யூரியா வாங்கவேண்டும். தகப்பனார் வைக்கோலுக்குத் தீயிடுவதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைக்கு, உபாத்தியாயர் போதிக்கும் எந்தப் பாடமும் மனத்தில் நில்லாது.

அதற்காகப் பச்சை வைக்கோலை நடவுக்குச் சில நாட்களுக்கு முன் சேற்றில் மிதித்துவிடுவதும் உசிதமன்று. அது தண்ணீருக்கடியில் அழுகி மீதேனை அதிகமாக்கும். மாட்டுக்குத் தீவனமாகக் கட்டுக் கட்டிச் சேமிக்கலாம். அல்லது எருக்குழியில் சாணத்தோடு அடுக்கி மட்கவைக்கலாம். வயலிலேயே உழுவதானால் தண்ணீர் கட்டுவதற்கு 30 நாட்களுக்கு முன்பே உழுது மட்கவிடவேண்டும். வைக்கோலையும், பின்னர் மட்கிய எருவையும் எடைபோட்டுப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல பரிசோதனை.

நான்கைந்து மாடுகள் உள்ள குடும்பம் 2 கன மீட்டர் சாண வாயுக் கலம் அமைக்கலாம். அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். கிடைக்கும் வாயு ஏறக்குறைய 0.86 கிலோ சமையல் வாயுவுக்கு ஈடு. கழிவு நல்ல எருவாகும். ஆனால் எரியாமல் கசியும் வாயு மீதேனாகவே காற்றில் ஏறுமாதலால், குழாய் மூட்டுகளைப் பெரியவர்கள் அடிக்கடி பரிசோதித்து வரவேண்டும்.

பிள்ளைகளிடம் பேசும் முறை

இவ்விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது இரண்டு தவறுகளை விலக்கவேண்டும். முதலாவது பயமுறுத்துதல். உலகம் அழியப்போகிறது என்று கேட்ட பிள்ளை தூக்கத்தை இழக்குமேயன்றிக் கணக்கு எழுதாது. குழாயில் மட்டம் பார்த்து, "அப்பா, இன்றைக்கு 28 தான், தண்ணீர் வேண்டாம்" என்று சொல்லும் பிள்ளைக்குப் பயம் இராது. அது சொன்னதைக் கேட்டுத் தகப்பனார் மோட்டாரைப் போடாமல் விட்டார் என்றால், தன் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதை அது கற்றுக்கொள்ளும். கேளாமல் போட்டுவிட்டாலோ, மறுநாள் அது குழாயின் பக்கம் போகாது.

இரண்டாவது, குற்றம் சுமத்துதல். இந்தியாவில் ஒரு மனிதனுக்கு வருஷத்தில் சராசரி சுமார் 2 டன் கரியமில வாயுவே கணக்காகிறது. உலகச் சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சுமார் 14 டன். ஆகவே காற்றைக் கெடுத்தவர் என்று இந்நாட்டுப் பிள்ளைகளைக் கூசவைக்க நியாயம் இல்லை. ஊருக்குள்ளும் இதே நியாயம் செல்லும். மோட்டாரும் காரும் உள்ள வீட்டின் சுவடு பெரிது, கூலிக் குடும்பத்தின் சுவடு மிகச் சிறிது. சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கும் வீட்டுப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி அதன் கணக்கைக் கேட்பது எவ்வகையிலும் தகாது. நிலமும் வசதியும் உள்ளவர்களே முதலில் கணக்கை எழுதிக் குறைத்துக் காட்டவேண்டியவர்கள்.

மேலும், இது கல்வியேயன்றி வேலை வாங்குதல் அன்று. காலையில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இதற்கு வேண்டியதில்லை. கிணற்று மேட்டுக்கும், மோட்டார்ப் பெட்டிக்கும், மருந்து தெளித்த வயலுக்கும் பிள்ளைகளைத் தனியே அனுப்பலாகாது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், தலைமையாசிரியர் ஆகியோர் ஒன்றுகூடினால் இக்காரியம் எளிதாகும். பள்ளிக்கூடத்துக்கு அருகில் கிணற்றுப் பாசனமுள்ள வயலாக ஒன்றைத் தேர்ந்து, நிலக்காரரின் சம்மதத்தோடு அதைச் சரிபாதியாக வரப்புக் கட்டிப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கம்போல் தண்ணீர் கட்டியும் மறு பாதியில் குழாய் ஊன்றியும் பயிர் செய்யவேண்டும். விதை, எரு, நடவு நாள் யாவும் இரண்டு பாதிக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மோட்டார் ஓடிய மணி நேரத்தைப் பிள்ளைகள் பாதிவாரியாகக் குறித்துவந்து, அறுவடையன்று நெல்லைத் தனித்தனியே அளந்து எழுதவேண்டும். குழாய் ஊன்றுவதிலும் இலை வண்ண அட்டை பெறுவதிலும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் உதவியை நாடலாம்.

குறுவை அறுவடைக்குப் பின் வரும் அக்டோபர் 2-ந் தேதி கிராம சபையில் அந்தக் கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே படிக்கச் செய்வது சிலாக்கியம். வாதத்தால் மசியாத பெரியவர்களும், தங்கள் ஊர் வயலில் தங்கள் பிள்ளைகள் அளந்த நெல்லையும் தண்ணீரையும் ஒப்புக்கொள்ளுவார்கள். ஒருகால் மகசூல் குறைந்திருந்தால் அதையும் மறைக்காமல் படிக்கவேண்டும். மட்டம் தவறியது எந்த வாரம், களை மிகுந்தது எப்பொழுது என்று குறிப்பிலிருந்தே காரணத்தைத் தேடலாம். உள்ளபடி எழுதாத கணக்கு, எந்தக் கணக்கானாலும் பயனற்றது.

அடுத்த குறுவைக்கு நாற்று விடும் வாரத்திலேயே ஒரு நோட்டுப் புஸ்தகமும், ஓர் அளவுகோலும், துளையிட்ட ஒரு குழாய்த் துண்டும் தயாராகட்டும். நட்ட பதினைந்தாம் நாள் காலையில் முதல் வரியைப் பிள்ளை எழுதத் தொடங்கலாம்.